ஆணி அடித்து முடித்த வீடு

வீட்டைச் சுற்றிப் பார்க்கப் பான் அக்காவுக்கு ஏழு நிமிடம் போதுமாக இருந்தது. தைவானில், தைனான் நகரத்தின் மேற்குச் சந்துகளில் இருபது வருடமாக வீடு விற்றுக்கொடுக்கிறவர். தலையிலிருந்த ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"தம்பி, நேராச் சொல்லிடறேன். இப்படியே வித்தா எண்பத்தஞ்சு லட்சம். அதுவும் மனைக்குத்தான். வீட்டுக்கு எவனும் விலை போடமாட்டான். இடிக்கிற கூலியக் கழிச்சுக்குவான்."

"சரிபண்ணிட்டா?"

"ரெண்டு வழி இருக்கு. உள்ளே தடுத்துத் தடுத்து ஆறு ரூம் போடு, காலேஜ் பசங்களுக்கு வாடகை விடறவன் யாராவது வாங்குவான். ஒரு கோடி வரும். இன்னொரு கூட்டம் இருக்கு, பழைய வீட்டுப் பைத்தியங்க. மொசைக் தரை, பூ வளைச்ச ஜன்னல் கம்பின்னு சந்து சந்தா அலையறவங்க. அவங்களுக்குப் பிடிக்கிற மாதிரி செஞ்சா ஒண்ணேகால் கோடி. ஆனா அதுல இடுப்பு ஒடிஞ்சிடும். நீ ஒத்த ஆளு."

"இரண்டாவது வழி."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சாச்சு."

என்னைப் பார்த்தார். இந்த வீட்டை எனக்கும் என் மனைவி யீஜெனுக்கும் வாங்கித் தந்தவரே அவர்தான். யீஜென் இறந்தது அவருக்குத் தெரியும். ஹெல்மெட் பட்டையை இறுக்கிக்கொண்டார்.

"எப்பக்குள்ள விக்கணும்?"

"ஏழாம் மாசம் பிறக்கறதுக்குள்ள."

"அதை நீ சொல்லணுமா? ஏழாம் மாசம் ஆவிங்க தெருவுல சுத்தும்போது எவன் வீடு வாங்குவான்? அந்த மாசம் நான் என் கடைக்கே போகமாட்டேன்." வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

சந்திர நாள்காட்டியில் கணக்குப் பார்த்தேன். ஏழாம் மாதம் ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. நான்கு மாதம் இருந்தது. நான் வேலை பார்க்கும் கணினிச் சிப் தொழிற்சாலையில் நான்கு மாதம் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

என் மகள் மிமி போன அக்டோபரில் பிறந்தாள். பிறந்த மூன்றாம் நாள் அவள் அம்மா இறந்தாள். ரத்தப்போக்கு நிற்கவில்லை. அன்றிலிருந்து குழந்தை பக்கத்து ஊரான மாதௌவில், யீஜெனின் அம்மாவிடம் வளர்கிறது. புத்தாண்டு முடிந்து நான் பார்க்கப் போயிருந்தபோது அத்தை பால் புட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"மாப்பிள்ளை, பிள்ளை அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. அதை வித்துட்டு வேற வீட்டுச் சாவியோட வாங்க. தூக்கிட்டுப் போங்க, நான் குறுக்கே நிக்கமாட்டேன். ஏழாம் மாசம் வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் தைச்சுங்ல என் மகன்கிட்ட விட்டுடுவேன். அவங்களுக்கும் குழந்தை இல்ல. பேச ஆரம்பிக்கறதுக்குள்ள யாரை அப்பான்னு கூப்பிடணும்னு அதுக்குத் தெரியணும்."

அதில் கோபம் இல்லை. பேருந்து நேரம் சொல்வதுபோல் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

ஷான்ஹுவாவில் ஒரு குடியிருப்பு பார்த்து வைத்திருந்தேன். தொழிற்சாலைக்கும் மாதௌவுக்கும் நடுவில் இருந்தது. லிஃப்ட் உண்டு. பகலில் குழந்தையை அத்தையிடம் விட்டுவிட்டு மாலையில் கூட்டிவரலாம். பழைய வீடு ஒரு கோடியே பத்து லட்சத்துக்குக் கீழே போனால் அது கிடைக்காது. அதனால்தான் இரண்டாவது வழி. வேறு காரணம் எதுவும் இல்லை.

யீஜென் இரண்டாவது வழியை ஒன்றரை வருடம் முன்பே எழுதி வைத்திருந்தாள், சுவரில், பென்சிலால். கட்டடக்கலை படித்தவள். 'இந்தச் சுவர் பிற்காலத்தது, இடிக்கலாம்.' 'இந்தக் கதவு நிலைக்குப் பெயின்ட் வேண்டாம், கீழே நல்ல மரம்.' 'இந்த ஜன்னல் கம்பியை யாராவது கழற்றினால் விவாகரத்து.' கடைசியில் உள்ளது எனக்காக.

அவள் எழுதிய வரிசையிலேயே வேலையைத் தொடங்கினேன். கூடத்தின் நடுவே முந்தைய குடித்தனக்காரர்கள் எழுப்பியிருந்த குளியலறைச் சுவரை இடித்தேன். எழுபத்தாறு மூட்டை இடிபாடு. தரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் விரிப்பை வெப்பக் காற்று காட்டி உரித்தேன். அடியில் கறுப்புப் பசை, பசைக்கு அடியில் மொசைக். அறுபது வருடத்துக்கு முன் ஒரு துணி வியாபாரி போட்ட தரை. வெள்ளையும் கறுப்பும் பச்சையுமாகக் கல் துணுக்குகள், இடையிடையே பித்தளைப் பட்டி.

குளியலறை இருந்த இடத்தில் மட்டும் தரை இல்லை. நான்கடிக்கு ஐந்தடி சிமென்ட் குழி.

மெருகேற்ற வந்த ஆதெங் அண்ணன் அந்தக் குழி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, பச்சைப் பாக்கை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார்.

"வெள்ளை கிடைக்கும். கறுப்பு கிடைக்கும். இந்தப் பச்சை கிடைக்காது. அந்த மலையத் தோண்டறத நிறுத்தி முப்பது வருஷம் ஆச்சு."

"வேற பச்சை போட்டா?"

"போடலாம். புதுப் பல்லு கட்டின கிழவன் சிரிச்ச மாதிரி இருக்கும். வாசல்ல நுழைஞ்சதும் அதுதான் கண்ணுல படும்." பேப்பர் கோப்பையில் சிவப்பாகத் துப்பினார். "காலேஜ் எல்லாம் படிச்சிருக்கீங்க சார், ஒரு வழி சொல்லுங்க."

அன்று மாலை படிக்கட்டுக்கு அடியில் இருந்த அலமாரியைக் காலி செய்தேன். பெயின்ட் டப்பாக்கள், உடைந்த மின்விசிறி, பழைய துடைப்பம். பின்சுவரில் முழங்கால் உயரத்தில் பென்சில் எழுத்து. அவள் உள்ளே தவழ்ந்து போய்த்தான் எழுதியிருக்க வேண்டும். 'இங்கே உள்ள தரை அதே கலவை. கூடத்துக்குத் தேவைப்படும்.' ஒரு அம்புக்குறி.

அலமாரித் தரையை உளியால் உடைத்தேன். துண்டு துண்டாகச் சுத்தியலால் தட்டிப் பச்சைத் துணுக்குகளை மட்டும் பொறுக்கி எடுத்தேன். மூன்று நாள் ஆனது. கழுவிக் காயவைத்தபோது ஒன்றரை வாளி தேறியது.

ஆதெங் அண்ணன் வாளிக்குள் கையை விட்டு அளைந்தார்.

"யார் சொன்னாங்க இந்த வழிய?"

"என் மனைவி."

"சரியான ஆளு. எங்க, வீட்டுல இல்லையா?"

"இல்லை."

அவர் குழியைக் கொத்தி, கலவை போட்டு, உருளையால் அழுத்தினார். அது இறுகக் காத்திருந்த நாட்களில் நான் ஜன்னல் கம்பிகளின் துருவைச் சுரண்டினேன். கம்பிகளை மீன் வடிவத்தில் வளைத்திருந்தார்கள். மொத்தம் பதினான்கு மீன். அப்புறம் இயந்திரம் வந்தது. முரட்டுக் கல்லில் தொடங்கி, நைசான கல் வரை, நீர் ஊற்றி ஊற்றிக் கூடம் முழுக்கத் தேய்த்தார். சாம்பல் குழம்பை நான் தள்ளித் தள்ளி வெளியேற்றினேன். கடைசித் தண்ணீர் வடிந்ததும் புது இடம் எது, பழைய இடம் எது என்று தெரியவில்லை. முழங்காலிட்டுப் பார்த்தால் மட்டும் ஓரத்தில் பித்தளைக் கோடு கொஞ்சம் பளிச்சென்றிருந்தது.

சுவருக்கு வெள்ளை அடிக்கும் முன் அவள் எழுதியதையெல்லாம் ஒருமுறை படித்தேன். பிறகு அடித்தேன். பென்சில் எழுத்து மறைய இரண்டு பூச்சு தேவைப்பட்டது.

ஒன்றை மட்டும் தொடவில்லை. மாடிப் படுக்கையறையில், கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் ஒரு மஞ்சள் தாள். சிவப்பு மையில் எழுதிய கர்ப்பக் காப்பு மந்திரம். போன கோடையில் அத்தை கோயிலிலிருந்து வாங்கிவந்து ஒட்டியது.

அப்போது யீஜெனுக்கு ஐந்தாம் மாதம். சமையலறையில் நாள்காட்டி மாட்ட ஒரு ஆணி அடி என்றாள். அடித்தேன். அன்று சாயந்திரமே அவளுக்கு அடிவயிற்றில் வலி. மறுநாள் காலை முதல் பேருந்தில் அத்தை வந்து இறங்கினார். வயிற்றுப் பிள்ளையைக் காக்கிற தெய்வம் வீட்டுக்குள்தான் இருக்கும். இன்றைக்குக் கதவில், நாளைக்கு அடுப்பில் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். அது இருக்கிற இடத்தில் ஆணி இறங்கினால் பிள்ளை மேலேயே இறங்கின மாதிரி. இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். தெரிந்தும் அடித்தேன். யீஜென் சிரித்தாள், வலி ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. ஆனால் அன்றோடு வீட்டில் எல்லா வேலையும் நின்றது. ஐந்து மாதம் ஒரு ஆணி, ஒரு துளை கிடையாது. கட்டிலைக்கூட நகர்த்தவில்லை.

அத்தை என்னை நேராகக் குற்றம் சொன்னதில்லை. இறுதிச் சடங்கின்போது ஒரே ஒரு தடவை, யாரிடமோ சொல்வதுபோல், "ஆணி அடிச்சாங்க" என்றார்.

ஜூலை முதல் வாரம் பான் அக்கா வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றி, வெறுங்காலால் தரையைத் தேய்த்துப் பார்த்தார். இந்தத் தடவை ஹெல்மெட்டையும் கழற்றினார்.

"அடப்பாவி" என்றார். "ஒண்ணேகால் இல்ல, ஒண்ணு முப்பது கேப்பேன்."

மாடிக்குப் போனவர் உடனே கத்தினார்.

"இது என்னடா? சுத்தி வெள்ளை அடிச்சிட்டு நடுவுல இத விட்டு வச்சிருக்கே! கிழிச்சுப் போடு!"

"அது நான் ஒட்டினதில்லை. ஒட்டினவங்கதான் எடுக்கணும்."

"அப்ப அது மேல ஒரு படத்த மாட்டு."

"சரி" என்றேன். மாட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரை அழைத்துவந்தார். ஹுங் என்ற கண்ணாடிக் கடைக்காரர், அவர் மனைவி, அவருடைய அம்மா. மனைவி காரிலிருந்து இறங்கும்போதே தெரிந்தது. ஆறாம் மாதம் இருக்கும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மீன்!" என்றாள் அந்தப் பெண், கம்பியைப் பிடித்துக்கொண்டு. "ஏங்க, மீனைப் பாருங்க."

"நீ மீனைப் பாரு, நான் குழாயில தண்ணி வருதான்னு பார்க்கறேன்" என்றார் கணவர்.

ஹுங்கின் அம்மா எதையும் பாராட்டவில்லை. சுவர்களை விரலால் தட்டிப் பார்த்தார், கதவுகளைத் திறந்து மூடினார். பிறகு என்னிடம் வந்தார்.

"தம்பி, வேலை எல்லாம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சது."

"முடிஞ்சதுன்னா? இவ குடி வந்த பிறகு இந்த வீட்டுல ஒரு சுத்தியல் சத்தம் கேக்கக் கூடாது. பிள்ளை பொறந்து ஒரு மாசம் ஆகற வரைக்கும். புரியுதா? நாங்க எட்டு வீடு பார்த்துட்டோம். எல்லாத்துலயும் அது பாக்கி, இது பாக்கி. வந்த பிறகு செஞ்சுக்கலாம்கறான். எப்படிச் செய்யறது?"

"என்னென்ன வேணும்னு சொல்லுங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடியே எல்லா ஆணியும் அடிச்சுடறேன்."

பான் அக்கா என் முதுகுக்குப் பின்னால் மூச்சை இழுத்தது கேட்டது. இதைவிட நல்ல ஆட்கள் அவருக்குக் கிடைத்திருக்கமாட்டார்கள். ஆணி அடிக்கவேண்டாத பழைய வீடு ஊரிலேயே இது ஒன்றுதான்.

அந்தப் பெண் அங்கேயே கைப்பேசியில் பட்டியல் போட ஆரம்பித்தாள். திரைச்சீலைக் கம்பிக்கு, துணிக்கொடிக்கு, கடிகாரத்துக்கு, சாமி மாடத்துக்கு. ஹுங்கின் அம்மா மாடி ஏறினார். அவருடைய காலடிகள் படுக்கையறையில் நின்றன.

"யாரு இங்க பிள்ளை உண்டாகியிருந்தது?"

பான் அக்கா எனக்கு முந்திக்கொண்டார். "அது முன்னாடி குடியிருந்தவங்க, பெரியம்மா..."

"என் மனைவி" என்றேன்.

ஹுங்கின் அம்மா மாடிப்படியில் இறங்கி வந்தார். ஒவ்வொரு படியாக.

"பிள்ளை நல்லபடியாப் பொறந்துதா?"

"பெண். ஒன்பது மாசம். ரெண்டு பல்லு வந்திருக்கு."

"அம்மா?"

"மூணாம் நாள் போயிட்டா. ஆஸ்பத்திரியில. இந்த வீட்டுல இல்ல."

அந்தப் பெண் கைப்பேசியை மெதுவாக இறக்கி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். கணவர் அவள் தோளைப் பிடித்தார். மூன்று பேரும் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்கள்.

கார் திரும்பும் வரை பான் அக்கா புன்னகையோடு கையசைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உன்ன யாருடா கேட்டா? சட்டப்படி நீ வாயே திறக்கவேண்டாம். வீட்டுக்குள்ள துர்மரணம் நடந்திருந்தாத்தான் வாங்கறவங்ககிட்ட சொல்லணும். ஆஸ்பத்திரியில போனது கணக்கே இல்ல. தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"கேட்டாங்க."

"கேட்டாங்களாம்!" ஹெல்மெட்டை எடுத்துத் தன் தலையில் தானே அடிப்பதுபோல் மாட்டிக்கொண்டார். "இன்னும் அஞ்சு வாரம்தான் இருக்கு. உனக்குப் பொண்ணு வேணுமா, வேண்டாமா?"

"வேணும்."

"அப்ப அடுத்த தடவை ஊமையா இரு."

அடுத்த தடவை வரவில்லை. மறுநாள் காலையில் ஹுங்கின் அம்மாவே தனியாக வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார்.

"ராத்திரி பூரா தூங்கல. என் மருமக அழறா, அந்த மீன் ஜன்னல்தான் வேணுமாம். நீங்க பொய் சொல்லியிருக்கலாம், சொல்லல. அதனாலதான் வந்தேன். ஒண்ணு கேக்கறேன். உங்க பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. அது இந்தத் தரையில தவழணும். என் கண்ணால பார்க்கணும். தவழ்ந்தா இந்த வீட்டுல பிள்ளை தங்கும்னு எடுத்துக்குவேன். அந்தத் தாளையும் முறையா எடுத்துடுங்க. அதுக்கு மேல நான் எதுவும் கேக்கமாட்டேன்."

"ஞாயித்துக்கிழமை வாங்க" என்றேன்.

குழந்தையைக் கொண்டுவர முடியுமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். முடியாவிட்டால் அவள் தைச்சுங் போய்விடுவாள்.

அத்தை முற்றத்தில் பிளாஸ்டிக் தொட்டியில் மிமியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பம்பளிமாஸ் மரங்கள். காய்களுக்குப் பைகட்டும் பருவம். பாதி மரங்களில் வெள்ளைக் காகிதப் பைகள் தொங்கின. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மிமி தண்ணீரை அடித்து என் சட்டையை நனைத்தாள்.

"முடியாது" என்றார் அத்தை. "முதல்ல என்ன சொன்னேன்? பிள்ளை அந்தப் படி ஏறக் கூடாதுன்னேன். வீட்ட விக்கறதுக்கே பிள்ளைய அங்க கொண்டு போகணும்கறீங்க."

"ஒரு மணி நேரம், அத்தை."

"அந்த வீட்டுல ஆணி அடிச்சீங்க."

முதல் தடவையாக நேராக என்னிடம்.

"ஆமா. அடிச்சேன்."

நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். மருத்துவர் சொன்ன காரணத்தை, யீஜென் அன்று சிரித்ததை. சொல்லவில்லை. அத்தை மிமியின் முதுகில் நீர் ஊற்றினார். கழுத்து மடிப்பைத் தேய்த்தார்.

"வாங்கறவ எத்தனை மாசம்?"

"ஆறு."

"ஆறு மாசக்காரி அந்தத் தாளைப் பார்த்தாளா? அது இன்னுமா அங்க இருக்கு?"

"நீங்க ஒட்டினது. நான் எடுக்கக் கூடாதுன்னு..."

அத்தையின் கை நின்றது. மிமி தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பிள்ளை பொறந்த மூணாம் நாள் எடுக்கணும்" என்றார். "பிள்ளையக் காக்கற கட்டில் தாய்க்குச் சோறு வச்சு, நன்றி சொல்லி, எடுத்து எரிச்சுடணும். எல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தேன். நல்லெண்ணெய்க் கோழி கூடப் பண்ணிட்டேன். அந்த மூணாம் நாள்தான்..."

துண்டை எடுத்தார். குழந்தையைச் சுற்றித் தூக்கி, அதன் தலையைத் துவட்டினார், தேவைக்கு மேலேயே நேரம் எடுத்துக்கொண்டு.

"ஒன்பது மாசமா என் பொண்ணோட தாள் அந்தச் சுவத்துல நிக்குது. நான் மறந்துட்டேன். உங்களச் சொல்லிட்டு நான் என்ன பண்ணேன் பாருங்க." மிமியை என் கையில் கொடுத்தார். "பிடிங்க. கோழி வாங்கணும். ஞாயிறு எத்தனை மணிக்கு?"

ஞாயிறு பத்து மணிக்கு அத்தை மிமியோடு வந்தார். அத்தை படி ஏறுமுன் ஒரு கணம் நின்றார். பிறகு வலது காலை எடுத்து வைத்தார். நல்லெண்ணெய்க் கோழியும் சோறும் மேலே போயின. கட்டில் முன்னால் ஊதுபத்தி எரிந்தது. அத்தை மெல்லிய குரலில் என்னவோ பேசினார், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல். பிறகு தாளின் நான்கு மூலைகளையும் நகத்தால் கிளப்பி, கிழியாமல் எடுத்தார். முற்றத்தில் ஒரு இரும்புச் சட்டியில் அது எரிந்தது. சுவரில் அந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் இருந்தது. யீஜென் உயிரோடிருந்த நாளின் சுவர் நிறம். அதன் மேலும் வெள்ளை அடிக்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

ஹுங் குடும்பம் கூடத்தின் ஓரத்தில் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது. பான் அக்கா நகம் கடித்துக்கொண்டு வாசலில். அத்தை மிமியைத் தரையின் நடுவில் இறக்கிவிட்டார்.

மிமி அசையவில்லை. புதிய முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"அழப்போகுது" என்றார் பான் அக்கா.

"சும்மா இருங்க" என்றார்கள் இரண்டு கிழவிகளும் ஒரே நேரத்தில்.

மிமி குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தாள். ஜூலை வெயிலிலும் மொசைக் குளிர்ச்சியாக இருக்கும். இன்னொரு கையையும் வைத்தாள். தட்டினாள். அந்தச் சத்தம் பிடித்துப்போனது. மறுபடி தட்டினாள். பிறகு நகர்ந்தாள். நேராக ஒட்டுப்போட்ட இடத்துக்குப் போய், பளிச்சென்றிருந்த பித்தளைக் கோட்டை விரலால் நோண்டினாள். அங்கிருந்து கர்ப்பிணியின் காலுக்குப் போனாள். அவள் பாவாடையைப் பிடித்து எழுந்து நின்றாள்.

எழுந்து நின்றதை நான் அதுவரை பார்த்ததில்லை.

"இப்பத்தான் முதல் தடவை நிக்குது" என்றார் அத்தை.

அந்தப் பெண் குனிய முடியாமல் குனிந்து குழந்தையின் தலையைத் தொட்டாள். ஹுங்கின் அம்மா எழுந்தார்.

"போதும். எவ்வளவு?"

"ஒண்ணு முப்பது" என்றார் பான் அக்கா, நகத்தை வாயிலிருந்து எடுக்காமலே.

"ஒண்ணு பதினெட்டு."

"பெரியம்மா! இந்தத் தரைய மறுபடி போடக் கல்லே கிடையாது!"

"ஒண்ணு இருபது. எல்லா ஆணியும் இவரே அடிச்சுக் கொடுக்கணும்."

"சரி" என்றேன். பான் அக்கா என் காலை மிதிக்க முயன்று தரையை மிதித்தார்.

பட்டியலில் நாற்பது வந்தது. ஒவ்வொன்றுக்கும் உயரமும் இடமும் எழுதியிருந்தார்கள். 'சாமி மாடம், 6 அடி.' 'குடை, கதவுக்குப் பின்னால்.' 'மாமியாரின் முதுகு சொறியும் குச்சி, சோபா பக்கம்.' ஒவ்வொன்றாக அளந்து, குறித்து, அடித்து, பட்டியலில் கோடு போட்டேன். எஃகு ஆணிகள், பழைய செங்கல்; சாய்ந்தால் திரும்ப எடுத்து அடைத்துப் பூசி அடுத்த நாள்தான் அடிக்க முடியும். சமையலறையில் ஒரு நாள்காட்டி கேட்டிருந்தார்கள். அங்கே ஏற்கனவே ஒரு ஆணி இருந்தது. அதை ஆட்டிப் பார்த்தேன். உறுதியாக இருந்தது. அந்த வரிக்கும் கோடு போட்டேன்.

அவர்கள் குடிவந்தது ஆறாம் மாதத்தின் கடைசி நல்ல நாளில். இரண்டு நாள் கழித்து ஏழாம் மாதம் பிறக்க இருந்தது. ஷான்ஹுவா சாவி என் பையில் இருந்தது. அத்தை அதைக் கையில் வாங்கிப் பார்த்து, எடை பார்ப்பதுபோல் ஆட்டி, திருப்பிக் கொடுத்தார். மிமியின் துணி மூட்டையும் புட்டிகளும் அவர் காலடியில். இந்த வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு மூன்று பேரும் அங்கிருந்தே கிளம்புவதாக ஏற்பாடு.

லாரி சந்து முனையில் நின்றது. கர்ப்பிணி காரிலேயே இருந்தாள். ஹுங் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சு. கொசுவலைக்கு மூணு கொக்கின்னு எழுதிட்டேன். வலைக்கு நாலு மூலைண்ணே!"

"கண்ணாடிக் கடை வச்சிருக்கற ஆளு" என்றார் அவர் அம்மா பின்னாலிருந்து. "எண்ணத் தெரியல. கடைசி ஆணி. அவ காரைவிட்டு இறங்கறதுக்குள்ள அடிச்சிடுங்க தம்பி. அவ வாசப்படி மிதிச்சிட்டா அப்புறம் பிள்ளை பொறக்கற வரைக்கும் வலை மூணு மூலையிலதான் தொங்கும்."

சுத்தியலை மூட்டையிலிருந்து தேடி எடுத்தேன். மிமி என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தையிடம் கொடுக்கத் திரும்பினேன். அவர் ஏற்கனவே எனக்கு முன்னால் மாடி ஏறிக்கொண்டிருந்தார். படுக்கையறை மூலையில் ஸ்டூலைப் போட்டு அதன் காலைப் பிடித்துக்கொண்டார்.

"ஏறுங்க. பிள்ளையக் கொடுங்க."

அவருக்கு ஒரு கையில் ஸ்டூல், ஒரு கையில் குழந்தை. நான் ஆணியை வைத்தேன். அடிக்கவில்லை. அத்தையின் காதுக்கு இரண்டடி தூரம்தான்.

"என்ன பார்க்கறீங்க? அந்தப் பொண்ணு வெயில்ல உக்காந்திருக்கா."

அடித்தேன். அவர் தோள் ஒருமுறை குலுங்கியது. மிமி கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, மறுபடி மூடிக்கொண்டாள். இரண்டாவது அடி. மூன்றாவது.

"சாயுது" என்றார் அத்தை, சுவரைப் பார்த்தபடி. "இடப்பக்கம் ஒண்ணு போடுங்க."

போட்டேன்.

"இன்னும் ஒண்ணு. நல்லா அடிங்க."